ரம் லாரி வந்தது, தண்ணீர் எங்கே?

டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கார்னிவல் திருவிழாவுக்கு மாஸ் பேண்ட் (வேடம் கட்டித் தெருவில் ஆடும் குழு) நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். இதையே ஆங்கிலத்தில் எழுதி ஈஸ்டருக்கு முன்னாலேயே அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானாக ஒரு பதில் வந்தது, அதற்குக் கீழேயே அடுத்த வருடத்துக்குப் பெயர் பதிவது எப்படி என்ற விவரமும். சரி, உங்களுக்கு ஆயிரம் வேலை. இப்போது தமிழில் எழுதுவதற்குக் காரணம், பாயின்ட் லிசாஸ் ஆலைகளில் என்னோடு வேலை பார்க்கிற நம் ஊர்ப் பையன்கள் நாலைந்து பேர், "அண்ணே, அடுத்த வருஷம் நாங்களும் மாஸ் ஆடட்டுமா, சாப்பாடெல்லாம் எப்படி?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லவேண்டிய பதிலும் உங்களிடம் கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்றுதான்.

நான் மதுரைக்காரன். மூன்று வருடமாகக் கூவாவில் குடியிருக்கிறேன். இந்த 2026-ல்தான் முதல்முறையாக வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டு, பிப்ரவரி 17 கார்னிவல் செவ்வாய்க்கிழமை நானும் என் மனைவியும் இறகும் மணியும் கட்டிக்கொண்டு உங்களில் ஒருவருடைய பேண்டில் ஆடினோம். எந்த பேண்ட் என்று சொல்லப்போவதில்லை, அடுத்தடுத்த பேண்டில் ஆடிய சக ஊழியர்களும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொன்னார்கள். ஆடிய சந்தோஷத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாற்பத்தேழு வயதில் இசை லாரிக்குப் பின்னால் அப்படி ஆடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். (அம்மாவுக்குப் புகைப்படம் அனுப்பவில்லை.)

குறை வயிற்றில்தான். நீங்கள் விற்பது 'எல்லாம் அடக்கம்' என்கிற கணக்கு. உடை, காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, நாள் முழுக்கக் குடிக்க, கழிப்பறை லாரி, சுற்றிலும் கயிறு பிடித்துக்கொண்டு நடக்கிற காவலர்கள், எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஆயிரக்கணக்கான டிரினிடாட் டாலர். கயிற்றுக்குள் வந்துவிட்டால் கையில் காசு தேவையில்லை, அந்த உடையில் காசு வைக்க இடமும் இல்லை. அப்படியென்றால் கயிற்றுக்குள் இருக்கிற ஆயிரக்கணக்கான பேருக்கும் அன்றைக்கு நீங்கள்தான் சோறு போடும் அம்மா.

காலை ஏழு மணிக்குக் கூடினோம். உப்புக் கருவாட்டைப் பிய்த்து வெங்காயம் தக்காளி போட்டுப் பிசைந்த புல்ஜோல், பேக் ரொட்டி. என் மனைவி சுத்த சைவம், அவள் வெறும் ரொட்டியை ஆரஞ்சுச் சாற்றில் முக்கித் தின்றாள். எட்டு மணிக்கெல்லாம் பான லாரியில் ரம் ஓட ஆரம்பித்தது. உங்கள் பையன்களை இந்த ஒரு விஷயத்தில் பாராட்டியே ஆகவேண்டும், கழுத்தில் மாட்டிய கோப்பை காலியாகிறது என்று நமக்குத் தெரியும் முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் தண்ணீர் கேட்டால் மட்டும் ஐஸ் பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டு, பியர் டின்களுக்கு அடியில் துழாவவேண்டியிருக்கிறது. பன்னிரண்டு மணி வாக்கில் துழாவியும் கிடைக்கவில்லை. மேலே பெரிய பிளாஸ்டிக் கேனில் இளநீர் இருந்தது. அதில் ஒரு கோப்பை கொடுப்பா என்றேன். "அது ஸ்காட்சுக்கு, அங்கிள்" என்றான். விஸ்கியில் இளநீர் கலந்து குடிப்பது இந்த ஊரில் மரியாதையான பழக்கம் என்று எனக்கும் தெரியும், நானே குடித்திருக்கிறேன். ஆனாலும் வெயிலில் நாக்கு வறண்டு நிற்கிறவனுக்கு இல்லாத இளநீர் விஸ்கிக்கு இருக்கிறது என்றால் எங்கேயோ கணக்கு உதைக்கிறது. கடைசியில் எலுமிச்சை சோடாவில் அங்கோஸ்துரா பிட்டர்ஸ் நாலு சொட்டு விட்ட எல்எல்பி கிடைத்தது. அதைக் குடித்துத்தான் என் மனைவி இரண்டு மணிவரை ஓட்டினாள். இனிப்பான இனிப்பு.

ஆலையில் எங்களுக்கு ஒரு விதி உண்டு: வெயிலில் நின்று வேலை செய்கிறவன் தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக்கூடாது, கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். அங்கே அவன் ரம் குடிப்பதில்லை, தலையில் இறகுக் கிரீடம் சுமப்பதில்லை, கொதிக்கிற தாரில் பூட்ஸோடு குதிப்பதும் இல்லை. மாஸ் ஆடுகிறவனுக்கு இந்த விதி இரண்டு மடங்கு பொருந்தும். மூன்று மணிக்கு எனக்கு இரண்டு கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டது. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து பெருவிரலை இழுத்துக்கொண்டிருந்தேன், கிரீடத்தைக் கழற்றவும் தோன்றவில்லை. கடந்து போன ஒரு பாட்டி "உப்பு வேணும் மகனே, உப்பு" என்று சொல்லிவிட்டு ஆடிக்கொண்டே போனார்.

இனி மதியச் சாப்பாடு. பேண்டுகள் ஏறி ஆடிக் காட்டுகிற சவானா மைதான மேடையில் ஏறுவதற்கு முன்னால் நிற்கிற வரிசை எவ்வளவு நீளும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், வருடா வருடம் நீங்களே அதைத் திட்டுகிறீர்கள். அப்படி இருக்கும்போது சாப்பாட்டு லாரியை ஏன் மேடைக்கு அந்தப் பக்கம் நிறுத்துகிறீர்கள்? வரிசையில் இரண்டு மணி நேரம் சும்மா நிற்கும்போது சாப்பிட்டிருக்கலாம். மேடை தாண்டி, ஆடி ஓய்ந்து, மூன்றரைக்குத்தான் கைக்குப் பெட்டி வந்தது.

என் பெட்டியில் ஸ்டியூ கோழி, ஃபிரைட் ரைஸ், மெக்கரோனி பை, கலலூ என்கிற கீரை மசியல், கொஞ்சம் முட்டைக்கோஸ், ஒரு துண்டு வாழைப்பழ வறுவல். கோழி நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மறுநாள் சாம்பல் புதன், அன்று தொடங்கும் தவக்காலத்தில் பலர் இறைச்சியைத் தொடமாட்டார்கள் என்பதால் முந்தின நாள் கோழிக்கு இருக்கிற மவுசும் எனக்குப் புரிகிறது. மனைவிக்கு வந்த 'சைவப் பெட்டி' எது தெரியுமா? இதே பெட்டி, கோழி மட்டும் இல்லை. மெக்கரோனி பையில் முட்டை. கலலூவைக் கிளறினால் உப்புப் பன்றிவால் துண்டு ஒன்று மினுமினுவென்று மேலே வந்தது. ஃபிரைட் ரைஸில் கோழி இருந்து எடுத்த அடையாளம். மிச்சம் முட்டைக்கோஸும் வாழைப்பழமும். கொடுத்த பெண்ணிடம் காட்டினேன். "பிக்டெயில் ருசிக்குத்தானே போட்டிருக்கு" என்றாள், உண்மையான அனுதாபத்தோடு.

என் மனைவி ஒருத்திக்காக ஊரையே மாற்றச் சொல்லவில்லை. இந்த வருடக் காலண்டரைப் பாருங்கள். பிப்ரவரி 15 ஞாயிறு சிவராத்திரி, 16, 17 கார்னிவல். கூவா பக்கத்துக் கோயிலில் விடிய விடியக் கண் விழித்து லிங்கத்துக்குப் பால் ஊற்றிய இளவட்டங்கள் சிலரைச் செவ்வாய்க்கிழமை எங்கள் பேண்டிலேயே பார்த்தேன். விரதம் முடிந்தாலும் ஒரு வாரத்துக்குக் கவுச்சி தொடமாட்டோம் என்று அவர்களும் முட்டைக்கோஸைத்தான் மென்றுகொண்டிருந்தார்கள். அவர்களோடு மாமிசம் தொடாத ரஸ்தாஃபாரி மதக்காரர்கள், பன்றி சாப்பிடாத முஸ்லிம்கள், வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போட்டு வருகிற வீகன் கூட்டம். கூட்டிப் பாருங்கள், சின்னக் கும்பல் இல்லை.

இப்போது எனக்கு ஆத்திரம் வருகிற இடத்துக்கு வருகிறேன். இது சைவச் சாப்பாடு கிடைக்காத ஊராக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். கயிற்றுக்கு வெளியே பத்தடி தள்ளி, அரியாப்பிட்டா அவென்யூ ஓரம், குடைக்குக் கீழே ஒரு டபுள்ஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். பூட்ஸுக்குள் மடித்து வைத்திருந்த இருபது டாலர் நோட்டை எடுத்தேன், வேர்வையில் அப்பளம் மாதிரி ஊறிப்போயிருந்தது. காவலரிடம் கெஞ்சி, கயிற்றுக்கு அடியில் குனிந்து, இறகெல்லாம் மடங்க வெளியே போனோம்.

டபுள்ஸ் தெரியாதவர்களுக்காக: உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் போட்ட மாவில் பொரித்த மெத்து மெத்தென்ற இரண்டு பரா, நம் வடைக்கு வடநாட்டுச் சொந்தக்காரப் பெயர். ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறினாற்போல எண்ணெய்த் தாளில் போடுகிறார், கரண்டியால் குழைந்த கொண்டைக்கடலை, மேலே வெள்ளரித் துருவல், புளிச் சட்னி, மாங்காய்த் துருவி மசாலா போட்ட குச்சேலா, கொத்தமல்லி மாதிரி மணக்கிற ஷாடோ பெனி. "பெப்பர்?" "ஸ்லைட்." தாளின் இரண்டு முனையைப் பிடித்து ஒரு சுழற்று, பொட்டலம் ரெடி. மொத்தம் பத்து வினாடி. என் மனைவி நின்ற இடத்திலேயே மூன்று தின்றாள், மூன்றாவதை முடித்தபிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

இது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1845-ல் ஃபட்டல் ரசாக் கப்பலில் வந்த இருநூற்றுச் சொச்சம் பேரில் தொடங்கி 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்குமேல் வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள், சென்னையில் ஏறியவர்களும் உண்டு. என் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கொள்ளுத் தாத்தா அப்படி வந்தவர், இன்றைக்கும் ஆன்ட்டி தன்னை 'மெட்ராசி' என்றுதான் சொல்லிக்கொள்வார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் சேப்பங்கிழங்கு இலையைக் கடலைப்பருப்பு மாவில் சேர்த்துச் சஹீனா பொரிக்கும்போது அடுப்படி வாசனை அப்படியே எங்கள் அத்தை வீடு. டபுள்ஸை 1936-ல் பிரின்சஸ் டவுனில் தீன் குடும்பம் விற்க ஆரம்பித்தது என்பார்கள். முதலில் ஒரு பராதான், வாங்க வந்தவர்கள் "டபுள் பண்ணு" என்று கேட்டுக் கேட்டு இந்தப் பெயர் வந்ததாம். சஹீனா, புளிச் சட்னியில் தோய்த்துத் தின்கிற ஃபொலூரி, ஆலு பை, பூசணித் தல்காரி, பருப்பு வைத்த தால்பூரி ரொட்டி, இத்தனையும் இறைச்சி இல்லாதது, கையால் தின்பது, தட்டு கேட்காதது. தெருவில் ஆடுகிறவனுக்கென்றே அளவெடுத்த சாப்பாடு. இதைக் கயிற்றுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே ஃபிரைட் ரைஸ் போடுகிறீர்களே!

ஆகவே கேட்பது இதுதான். பான லாரியோடு தண்ணீரைக் கலக்காதீர்கள், தண்ணீருக்கும் இளநீருக்கும் தனி வண்டி விடுங்கள், அதில் ரம் பாட்டில் ஏறவே கூடாது. சவானாவைச் சுற்றி அரிவாளோடு இளநீர் வெட்டுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் பத்துப் பேருக்கு அன்றைக்குக் கூலி பேசினால் போதும். சாப்பாட்டை மேடை வரிசையிலேயே கொடுங்கள். உணவு பேட்ஜ் (சாப்பாடு விற்க அனுமதி அட்டை) வைத்திருக்கிற டபுள்ஸ்காரர்கள் நாலு பேரைக் கயிற்றுக்குள் நடக்க விடுங்கள், மூன்றரை மணிக் கோழிப் பெட்டியைவிட அதுதான் ஆட்களை நிற்க வைக்கும். பெட்டிமேல் பன்றிவால் உண்டா, முட்டை உண்டா என்று ஒரு வரி எழுதி ஒட்டுங்கள். அப்புறம் சாயங்காலம், கால் ஓய்ந்து கடைசிச் சுற்று ஆடும் நேரத்தில், பருப்பும் சோளத் துண்டும் மாவு உருண்டைகளும் கொதிக்கிற கார்ன் சூப் ஒரு அண்டா. அதிலும் பன்றிவால் இல்லாத அண்டா ஒன்று தனியாக. உப்பு தாராளமாக இருக்கட்டும், அந்தப் பாட்டி சொன்னது சரிதான்.

சாலையெல்லாம் அடைத்துவிடுகிறார்கள், லாரி நினைத்த இடத்துக்குப் போகமுடியாது, ஆயிரக்கணக்கில் பெட்டி சூடாக வரவேண்டும் என்பதெல்லாம் தெரியாமல் எழுதவில்லை. ஆனால் அதே அடைத்த சாலையில் ரம் லாரி ஒரு நிமிடம் தாமதமானதை நான் பார்க்கவில்லை.

அடுத்த கார்னிவல் 2027 பிப்ரவரி 8, 9. சிவராத்திரி மார்ச்சுக்குப் போய்விடுகிறது, விரதக்காரர்கள் கணக்கில் குறைவார்கள், என் மனைவி குறையமாட்டாள். பேண்ட் அறிமுக விழாக்களில் உடையைக் காட்டும்போது சாப்பாட்டுப் பட்டியலையும் காட்டுவீர்களா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவோம், பையன்களுக்கும் அதையே சொல்லியிருக்கிறேன். அவள் அதுவரைகூடப் பொறுக்கவில்லை. தையல்காரரிடம் போய், அடுத்த உடை எதுவானாலும் இடுப்புப் பட்டையின் உள்பக்கம் ஒரு சின்னப் பை வைக்கவேண்டும், வேர்வை இறங்காத துணியில், ஆறு டபுள்ஸுக்குக் காசு கொள்கிற அளவுக்கு என்று சொல்லி அளவும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
கூவாவிலிருந்து ஒரு மதுரைக்காரன்