கார்டைக் கொடுக்காதே, ராசா

அன்பு மகனுக்கு,

உன்னோடு வீட்டில் இருக்கும் பெடியன் ஆன்லைன் கசினோவில் ஆட உன் வங்கி கார்டைக் கேட்டான் என்று நீ எழுதியதும் உடனே "கொடுக்காதே" என்று பதில் போட்டேன். அந்த ஒரு சொல் போதாது. நீ 23 வயதுப் பிள்ளை. காரணம் சொல்லாமல் ஒன்றைத் தடுத்தால் உனக்குப் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது. வங்கியில் கார்ட் முறைப்பாட்டுப் பகுதியில் இருந்து நான் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து ஆறுதலாக எழுதுகிறேன். அவசரப்படாமல் வாசி.

முதலில் அவனுடைய விஷயம். தன் வங்கி ஆப்பில் சூதாட்டத் தடையைப் போட்டிருக்கிறான், சூதாட்டத் தளங்கள் தன்னை உள்ளே விடக்கூடாது என்று தானே பெயர் கொடுக்கும் கேம்ஸ்டாப் பட்டியலிலும் ஒரு வருஷத்துக்குப் பதிந்திருக்கிறான் என்று சொன்னாய். அப்படியென்றால் அந்தப் பிள்ளை தனக்கு என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டு, தெளிவாக இருந்த ஒரு நேரத்தில் தன் கையைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறான். அது லேசான வேலை இல்லை. கேம்ஸ்டாப்பில் ஆறு மாதம், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று ஒன்றைத் தெரிவு செய்தால், அந்தக் காலம் முடியுமட்டும் அழுதாலும் எடுக்க மாட்டார்கள். பிரித்தானிய லைசென்ஸ் உள்ள எல்லா ஆன்லைன் கசினோக்களும் 2020 மார்ச் 31 முதல் அந்தப் பட்டியலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வங்கித் தடையையும் நினைத்த உடனே கழற்ற முடியாது. மொன்சோ வங்கியில் அதைக் கழற்றச் சொல்லிக் கேட்டால் 48 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். ஆசை வரும் நேரத்துக்கும் காசு போகும் நேரத்துக்கும் நடுவில் இரண்டு இரவு நித்திரை கிடைக்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அவன் போட்ட இந்த இரண்டு பூட்டுக்கும் உன் கார்ட்தான் கள்ளத் திறப்பு. இதை அவனுக்குச் செய்யும் உதவி என்று நினைத்துவிடாதே.

உனக்கு வரும் கேட்டையும் சொல்கிறேன். லைசென்ஸ் உள்ள கசினோ எதுவும் வேறொருவர் கார்டில் காசு போட விடாது. பெயர் பொருந்தாவிட்டால் கணக்கைப் பூட்டிவிட்டு விசாரிப்பார்கள். வெல்லும் காசு பெரும்பாலும் வந்த வழியாலேயே, அதாவது எந்தக் கார்டில் போட்டோமோ அந்தக் கார்டுக்கே, திரும்பி வரும். அவன் வென்றாலும் உன் கணக்கில், தோற்றாலும் உன் கணக்கில். பிறகு நீங்கள் இருவரும் ஒரே குசினியில் முகம் பார்த்துச் சாப்பிட முடியாது.

இனி நீ அனுப்பிய அந்தக் குறுஞ்செய்தி. "200 வீத போனஸ், 500 பவுண் வரை. கேம்ஸ்டாப் இல்லை. அடையாள ஆவணம் தேவையில்லை. கிரெடிட் கார்ட், கிரிப்டோ ஏற்கப்படும்." போனஸை விட்டால் மற்ற மூன்று வரியும் ஒன்றைத்தான் சொல்கின்றன: சூதாட்டத்துக்கு லைசென்ஸ் கொடுக்கும், பேர்மிங்ஹாமில் இருக்கும் கேம்ப்ளிங் கமிஷனின் லைசென்ஸ் இவர்களிடம் இல்லை. இந்த நாட்டில் கிரெடிட் கார்டால் சூதாடுவதை 2020 ஏப்ரல் 14 முதல் தடை செய்துவிட்டார்கள். பேபால் மாதிரி ஒன்றுக்குள் கிரெடிட் கார்டால் காசு ஏற்றி ஆடவும் முடியாது. வயதையும் அடையாளத்தையும் ஆடுவதற்கு முன்னரே சரிபார்க்க வேண்டும் என்ற விதி 2019 மே மாதத்தில் வந்தது. "கேம்ஸ்டாப் இல்லை" என்ற வரியை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. சும்மா விளையாடுகிற ஒருவனுக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. நிறுத்த வேண்டும் என்று தன்னைப் பதிந்த ஆளைத் தேடிப் பிடிக்கவே அது எழுதப்பட்டது. உன் நண்பனைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

அந்த 200 வீதத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 250 பவுண் போட்டால் 500 பவுண் போனஸ், மொத்தம் 750. இப்படிப்பட்ட இடங்களில் போட்ட காசும் போனஸும் சேர்ந்த தொகையை 40 தடவை ஆடி முடித்தால்தான் வெளியே எடுக்கலாம் என்று நிபந்தனை போடுவது வழக்கம். 750-ஐ 40-ஆல் பெருக்கினால் 30,000 பவுண். ஸ்லாட் என்ற சக்கரம் சுழலும் விளையாட்டு ஒன்று நூற்றுக்கு 96 திருப்பிக் கொடுக்கும் என்று எடுத்துக்கொள், நாலு அவர்களுக்கு. 30,000-இல் அந்த நாலு வீதம் 1,200 பவுண். கையில் இருப்பது 750, சராசரியாக இழக்க வேண்டியது 1,200. அந்த ஓட்டத்தை ஓடி முடிப்பதற்கு முன்னரே பெரும்பாலானவர்களின் காசு முடிந்துவிடும். அதிர்ஷ்டத்தால் ஒருவன் தாண்டிவிட்டாலும், "ஆவணம் தேவையில்லை" என்று சொன்ன அதே ஆட்கள் அப்போதுதான் பாஸ்போர்ட் கேட்பார்கள், மின்சார பில் கேட்பார்கள், படம் தெளிவில்லை என்பார்கள். காசு உள்ளே போக ஒரு நிமிஷம். வெளியே வரும் வழியை முதலில் பார், ராசா. கசினோ ஆப் எதுவாக இருந்தாலும் நான் முதலில் வாசிப்பது காசு எடுக்கும் பகுதியைத்தான்.

எங்கள் பகுதிக்கு வரும் ஸ்டேட்மென்ட்கள் எப்படி இருக்கும் தெரியுமா? யாரும் கேள்விப்படாத ஒரு உடுப்புக் கடையின் பெயர். இரவு இரண்டு மணிக்கு 50, இரண்டு ஐந்துக்கு 50, இரண்டு பன்னிரண்டுக்கு 100. அந்த நேரத்தில் யார் உடுப்பு வாங்குகிறார்கள்? வங்கித் தடை வேலை செய்வது வியாபாரியின் வகைக் குறியீட்டை வைத்து, சூதாட்டத்துக்கு 7995. லைசென்ஸ் இல்லாதவர்கள் வேறு வியாபாரத்தின் குறியீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் தடைக்கு அது தெரியாது. பிறகு அந்த ஆள் எங்களுக்கு போன் எடுத்து, காசைத் திருப்பி எடுத்துத் தாங்கோ என்று கேட்பார். கார்டைத் தானே கொடுத்து, தானே ஆடித் தோற்ற காசுக்கு சார்ஜ்பேக், அதாவது வங்கி வழியாகக் காசைத் திருப்பி எடுப்பது, கிடைக்காது. அதைச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுக்க எனக்குக் கை வராது.

வெள்ளிக்கிழமைகளில் நீ ஆடும் பத்துப் பவுணைப் பற்றியும் எழுத வேண்டும். அதை நீ என்னிடம் மறைக்கவில்லை, அதனால் நானும் சத்தம் போடப் போவதில்லை. எனக்கு விருப்பமில்லை என்பது உனக்குத் தெரியும். ஆடத்தான் போகிறாய் என்றால் வேலிக்கு உள்ளே நின்று ஆடு.

ஆப்பின் அல்லது இணையதளத்தின் அடியில் லைசென்ஸ் இலக்கம் இருக்கும். இலக்கத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதே, வேறொருவரின் இலக்கத்தைத் திருடிப் போடுகிறவர்களும் உண்டு. கமிஷனின் பொதுப் பதிவேட்டுக்குப் போய் அந்த நிறுவனத்தைத் தேடி, நீ ஆடும் தளத்தின் முகவரி அங்கே எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா என்று பார். இரண்டு நிமிஷ வேலை.

உன் வயதுக்காரருக்கு, அதாவது 18 முதல் 24 வரை, ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு ஸ்பின்னுக்கு, அதாவது ஒரு சுழற்றுக்கு, 2 பவுணுக்கு மேல் வைக்க முடியாது. 2025 மே 21 முதல் சட்டம். 25 வயதுக்கும் அதற்கு மேலும் 5 பவுண். இரண்டு பவுண்தானே என்று தோன்றும். ஒரு ஸ்பின்னுக்குக் குறைந்தது இரண்டரை நொடி எடுக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் நிமிஷத்துக்கு 24, மணிக்கு 1,440 ஸ்பின். இரண்டு பவுண்படி 2,880 பவுண் உன் விரலுக்குக் கீழே ஓடுகிறது. நாலு வீதம் என்றால் மணிக்கு 115 பவுண் போகிறது. 2026 ஏப்ரலில் இருந்து குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.71. அப்பா பெட்ரோல் நிலையத்தில் இரவு முழுக்க ஒன்பது மணித்தியாலம் நின்று உழைப்பது அந்த ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். எல்லா விதியும் சரியாக நடந்து, யாரும் உன்னை ஏமாற்றாமலே.

அதனால் எல்லை வை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று அம்மம்மா சொல்வா. முதல் தடவை காசு போடும் முன்னரே எல்லை வைக்கிறீர்களா என்று கேட்க வேண்டும் என்று 2025 அக்டோபர் 31-இல் இருந்து விதி இருக்கிறது. எல்லையைக் குறைத்தால் உடனே நடைமுறைக்கு வரும், கூட்டினால் ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். மாதத்துக்கு 40 பவுண் என்று வைத்துவிட்டு அதை மறந்துவிடு.

போனஸ் விஷயத்தில் இங்கே இப்போது நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2026 ஜனவரி 19 முதல் போனஸைப் பத்துத் தடவைக்கு மேல் ஆடச் சொல்லி லைசென்ஸ் உள்ளவர்கள் கேட்க முடியாது. முன்பு 50 தடவை என்று சாதாரணமாகக் கேட்டார்கள். 20 பவுண் போனஸுக்கு 50 தடவை என்றால் 1,000 பவுண் ஆட வேண்டும், நாலு வீதத்தில் 40 பவுண் நட்டம். இலவசமாகக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு. பத்துத் தடவை என்றால் 200 பவுண் ஆட்டம், 8 பவுண் நட்டம். இப்போதாவது அது போனஸ் என்ற பெயருக்குக் கொஞ்சம் பொருந்துகிறது. ஆனாலும் எத்தனை நாளுக்குள் ஆட வேண்டும், எந்த எந்த விளையாட்டுகள் கணக்கில் சேரும், எவ்வளவு வென்றால் எவ்வளவுதான் தருவார்கள் என்ற வரிகளை வாசி. ஸ்கிரில், நெட்டெல்லர் போன்ற ஆன்லைன் பணப்பைகள் வழியாகக் காசு போட்டால் போனஸ் கிடையாது என்று பல இடங்களில் இருக்கும். நீ போட்ட உன் சொந்தக் காசை மட்டும், போனஸை விட்டுவிட்டு எப்போதும் எடுக்கலாம். அதைத் தடுத்த நிறுவனங்களிடம் 2018-இல் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் எழுத்தில் உறுதி வாங்கியிருக்கிறது.

காசு போடும் வழியில் டெபிட் கார்ட் நல்லது. ஸ்டேட்மென்டில் தெரியும், தடை போட்டால் நிற்கும். போன் பில்லில் போடுகிற வழியை மட்டும் தொடாதே. போகு மாதிரியான சேவைகளில் பெரும்பாலும் நாளுக்கு 30 பவுண் என்று சின்ன எல்லை இருப்பதால் பாதுகாப்பானது என்று சொல்வார்கள். நாள் தவறாமல் போட்டால் மாதத்துக்கு 900. வங்கிக்கு அது வெறும் போன் பில்லாகத்தான் தெரியும், தடையில் சிக்காது. அந்த வழியால் காசு திரும்பியும் வராது, வென்றதை எடுக்க வேறு வழி பதிய வேண்டும். ஆப்புக்குள் காசை விட்டும் வைக்காதே. வங்கியில் இருக்கும் காசுக்குள்ள காப்பு அங்கே இல்லை. நிறுவனம் முறிந்தால் வாடிக்கையாளர் காசுக்குப் பாதுகாப்பு உண்டா என்பதை அவர்கள் நிபந்தனையில் சொன்னால் போதும். "பாதுகாப்பு இல்லை" என்று எழுதிவிட்டும் நடத்தலாம்.

எடுக்கும்போது பிரச்சினை வந்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் முறைப்பாடு கொடு. எட்டுக் கிழமைக்குள் தீராவிட்டால் ஐபாஸ் மாதிரி ஒரு நடுவரிடம் செலவில்லாமல் போகலாம். எந்த நடுவர் என்பதை லைசென்ஸ்காரர் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் குறுஞ்செய்திக்காரரிடம் இதில் ஒன்றும் நடக்காது.

இன்னொன்று. நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது கடைசி மூன்று, ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். இடைக்கிடை பத்துப் பவுணை யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள். வரிசையாக நின்றால் கேள்வி வரும். நண்பன் உன் கார்டில் ஆடியதும் உன் பெயரில்தான் நிற்கும், அதை எந்தக் கடன் அதிகாரிக்கும் விளக்கிச் சொல்ல முடியாது.

நண்பனிடம் என்ன சொல்வது என்று கேட்டாய். புத்தி சொல்லாதே. கார்ட் தரமாட்டேன், ஆனால் இன்றைக்கு இரவு உன்னோடு இருக்கிறேன் என்று சொல். சூதாட்டத்தில் சிக்கியவர்களுக்கு உதவும் கேம்கேர் நடத்தும் உதவி இலக்கம் 0808 8020 133, இருபத்துநாலு மணித்தியாலமும் எடுப்பார்கள், காசில்லை. உங்கள் லீட்ஸிலேயே அரச மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 2019-இல் தொடங்கிய வடபகுதிச் சூதாட்டச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமல் தானே பதியலாம். போனில் கேம்பான் என்ற தடுப்பு ஆப்பைப் போட்டால் கேம்ஸ்டாப்பில் சேராத தளங்களும் திறக்காது; அதைப் போடும்போது பக்கத்தில் இரு. கடன் ஏதும் வாங்கியிருக்கிறானா என்று மெல்லக் கேட்டுப் பார். எங்கள் ஆட்கள் சீட்டுக் காசை எடுத்து ஆடிவிட்டு, சீட்டுப் பிடிக்கிறவருக்கும் சொல்லாமல், வீட்டுக்கும் சொல்லாமல் தனியாகத் தவிப்பதை நான் கண்டிருக்கிறேன். அவன் தாய் தகப்பனுக்குச் சொல்லப் பயந்தால் என்னோடு கதைக்கச் சொல். நான் ஏச மாட்டேன்.

அந்தக் குறுஞ்செய்தியை, இப்படியான செய்திகளை முறையிடும் 7726 இலக்கத்துக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடு. அவனுடைய போனிலும் அதையே செய்யச் சொல். நீ எனக்கு அனுப்பிய படத்தை நான் வைத்திருக்கிறேன், கமிஷனுக்கு நானே எழுதுகிறேன்.

அன்புடன்
அம்மா