கதவைச் சாத்திவிட்டு வீடு பெருக்கும் பையன்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, பள்ளி விட்டதிலிருந்து தூங்கப்போகும்வரை முந்தின நாள் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னோம். பெயர் வேண்டாம், ஆணா பெண்ணா என்று குறித்தால் போதும் என்றோம். அதற்குச் சில நாள் முன்புதான், ஆணும் பெண்ணும் சமமா என்று கேட்டபோது அதே வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் கை தூக்கியிருந்தார்கள்.

தாள்களைப் படித்தபோது அந்தச் சமத்தைக் காணவில்லை. "தண்ணீர் எடுத்தேன், பாத்திரம் கழுவினேன், தம்பியைத் தூங்கவைத்தேன், அப்புறம் படிக்க உட்கார்ந்தேன், தூக்கம் வந்துவிட்டது." பெண் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

இது நம் பிள்ளைகளின் நிலை மட்டுமல்ல. 5 முதல் 14 வயதுவரை உள்ள பெண் பிள்ளைகள் வீட்டு வேலையிலும், தண்ணீர், விறகு கொண்டுவருவதிலும் பையன்களைவிட 40 சதவீதம் அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்று ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் 2016இல் கணக்கிட்டது. உலகம் முழுவதையும் சேர்த்தால் அந்தக் கூடுதல் நேரம் மட்டும் நாளுக்கு 16 கோடி மணி நேரம். தண்ணீருக்கும் விறகுக்கும் நெடுந்தூரம் நடக்கும் கிராமங்களில் சுமை இன்னும் கூடத்தான் செய்யும்.

ஆனால் என் மனதைவிட்டு அகலாதது ஒரு பையனின் தாள். "வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் வீடு பெருக்குவேன். கூட்டாளிகள் பார்த்தால் கேலி செய்வார்கள்." வேலை செய்வதில் அவனுக்குக் கூச்சமில்லை, பிறர் பார்ப்பதில்தான் கூச்சம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் ஒரு கேலி வருஷக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டாளிகளிலும் எத்தனை பேர் கதவைச் சாத்திக்கொண்டு பெருக்குகிறார்களோ! (அவன் யாரென்று தயவுசெய்து தேடாதீர்கள்.)

பள்ளியின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். வகுப்பறை பெருக்கப் பெண் பிள்ளைகள், பெஞ்சு தூக்கப் பையன்கள் என்று இத்தனை நாளும் நாங்களே பிரித்து வைத்திருந்தோம். அது தவறு. திங்கட்கிழமை முதல் இரண்டு வேலையும் வருகைப்பதிவு வரிசைப்படி எல்லாருக்கும் வரும்.

அப்பாக்களே, வீட்டு வேலையைப் பிள்ளைகள் பார்க்க, அக்கம்பக்கத்தார் பார்க்கச் செய்யுங்கள். அம்மாக்களே, மகன் துடைப்பத்தை எடுத்தால் "உனக்கெதுக்கு இதெல்லாம், தங்கச்சி செய்வாள்" என்று வாங்கிவிடாதீர்கள். தேர்வு நெருங்குகிறது, மகனுக்குக் கிடைக்கும் மாலை நேரம் மகளுக்கும் கிடைக்கட்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம். போன கூட்டத்துக்கு வந்தவர்கள் அநேகமாக அம்மாக்களே. இந்த முறை அப்பாக்களும் அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்