பிழை திருத்தும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இணையத்தில் யார் தமிழில் எதை எழுதினாலும், அடியில் வந்து "முதலில் தமிழைப் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொள்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகிற உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை, பிழை மலிந்த எழுத்து எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஒரு வரியைப் படித்து யாரும் திருந்தி நான் பார்த்ததில்லை. சத்தமில்லாமல் விலகிப் போகிறார்கள், இல்லையென்றால் அடுத்த முறை தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள்.

இந்தப் பிழைகள் எப்படி வருகின்றன என்று கொஞ்சம் பாருங்கள். பலரும் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தமிழை வரவழைக்கிறார்கள். ந, ன, ண மூன்றுக்கும் அங்கே ஒரே விசை, எது வேண்டும் என்று கருவியே ஊகித்து ஒன்றைப் போட்டுவிடும். ஒவ்வோர் உயிருக்கும் மெய்க்கும் தனி விசை உள்ள தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு 1999இலேயே ஏற்றுக்கொண்டது, ஆனாலும் அப்படி ஒன்று இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. அப்புறம், ர-வையும் ற-வையும் பேச்சில் வேறுபடுத்துகிறவர்கள் இன்று எத்தனை பேர்? பள்ளியில் தமிழே படிக்காமல், காதால் கேட்ட மொழியை ஆசைப்பட்டு எழுத வருகிறவருக்கு அந்த வித்தியாசம் எங்கிருந்து கிடைக்கும்?

எல்லாப் பிழையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 'அறம்' என்று எழுத நினைத்து 'அரம்' என்று எழுதினால் பொருளே மாறிவிடுகிறது, அதைத் திருத்தத்தான் வேண்டும். 'வாழ்த்துகள்' சரியா 'வாழ்த்துக்கள்' சரியா என்று படித்தவர்களே இன்னும் வாதாடுகிறார்கள், அதை வைத்து ஒருவரை மட்டம் தட்டுவது நியாயமே இல்லை. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்தின் மேல் புள்ளியே கிடையாது, எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும், இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் அந்தச் சுவடிகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டித்தான் பழைய நூல்களைப் பதிப்பித்தார்கள். அவ்வளவு பொறுமை வேண்டாம், ஒரு ஒற்று விடுபட்ட பதிவைக் கடைசிவரை படிக்கிற பொறுமை போதும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஒரு விஷயத்தில்தான். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்று ஒருவர் எழுதுகிறார், அதற்குக் கீழே ஒற்றுப்பிழையைச் சுட்டி ஒரு பதில், அதற்கு ஐம்பது விருப்பக்குறி. அவர் சொன்ன விஷயம் அத்தோடு காணாமல் போகிறது. கண்டிப்பு காட்ட வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன: செய்தித் தலைப்புகள், பாடப்புத்தகங்கள், அரசு அறிவிப்புகள். அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறார்கள், சரிபார்க்க நேரமும் ஆளும் உண்டு, அவர்களை விடாதீர்கள்.

மற்றவர்களைத் திருத்தும்போது முதலில் அவர் சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு, முடிந்தால் தனிச்செய்தியில், சரியான சொல்லைக் காரணத்தோடு கொடுங்கள். 'முயர்ச்சி' என்று எழுதுகிறவரிடம் 'தப்பு' என்று மட்டும் சொன்னால் அவருக்கு என்ன பிடிபடும்? முயல் என்பதிலிருந்து முயற்சி, பயில் என்பதிலிருந்து பயிற்சி, அந்த ல் தான் இங்கே ற் ஆகிறது என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு சொல்லையும் சேர்த்தே கற்றுக்கொள்வார்.

அன்புடன்,
உங்களைப் போலவே தமிழில் படித்து எழுதுகிற ஒருவர்