சமுர்த்தியிலிருந்து அஸ்வெசுமவுக்கு: தோழிக்கு ஒரு கடிதம்

திருகோணமலை.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்த செய்தியை மாமிக்கும் வாசித்துக் காட்டினேன். இருவருக்கும் மனம் நிறைந்துவிட்டது. வறிய குடும்பங்களுக்கு அரசு தந்த சமுர்த்தி உதவி நின்று, அதற்குப் பதிலாக அஸ்வெசும கொடுப்பனவு வந்த பிறகு வீட்டுச் செலவை எப்படிச் சமாளித்தோம் என்று கேட்டிருந்தாய். மட்டக்களப்பில் உன் அண்ணி வீட்டுக்கும் இப்போது இதே நிலை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாலு பேரும் அதற்கு மேலும் உள்ள குடும்பத்துக்குச் சமுர்த்தியில் பல ஆண்டுகளாக 3,500 ரூபாய் கிடைத்து வந்தது உனக்குத் தெரியும். 2023 யூலையில் அஸ்வெசும தொடங்கியபோது குடும்பங்களை நான்கு பிரிவாக்கி, மிக வறியவர்களுக்கு 15,000, வறியவர்களுக்கு 8,500, அதற்கடுத்த நிலையினருக்கு 5,000, விரைவில் தேறிவிடுவார்கள் என்று கருதப்பட்டவர்களுக்கு 2,500 என்று வகுத்தார்கள். எங்கள் பெயர் கடைசிப் பிரிவில் வந்தது. சிறு தொகைதானே குறைந்தது என்று வெளியார் நினைக்கக்கூடும். ஆனால் அதற்கு முந்திய ஆண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த, படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாயாகி, இவர் போகும் படகு கரையிலேயே கிடந்த நாட்கள் பெருகியிருந்த வேளையில், மாதந்தோறும் தவறாமல் வந்த ஒரே காசு அதுதான்.

ஏன் அந்தப் பிரிவில் வைத்தார்கள் என்று நெடுநாள் யோசித்தேன். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளியிடுகிறார்கள். 2004 சுனாமியில் எல்லாவற்றையும் இழந்த பிறகு உதவியாகக் கட்டித் தந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம். கல்சுவர், ஓட்டுக்கூரை, சீமெந்துத் தரை எல்லாம் உண்டு. வீடு நல்லதுதான், ஆனால் வீடு சோறு போடாது. இந்தக் கரையில் வாடைக்காற்றுக் காலம் பிறந்தால் கடல் மாதக்கணக்கில் மூடிவிடும் என்பதும், கரைவலைக் காலத்தில் பார்த்த குடும்பம் மார்கழியில் வேறொரு குடும்பமாக இருக்கும் என்பதும், ஒருநாள் வந்து எழுதிச் செல்லும் படிவத்தில் எப்படித் தெரியும்? கணக்கெடுக்க வந்த பிள்ளை மரியாதையாகவே கேட்டு எழுதினாள். அவள் மீது எனக்குக் குறையில்லை. நிலையாக நிற்கும் பொருளை அளக்கும் முறை, வந்து போகும் வருமானத்தையும் அளக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம். மேன்முறையீட்டிலும் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அதற்கு இன்னும் முடிவு வரவில்லை.

சமாளித்த விதத்தைக் கேட்டாயல்லவா? முதலில் கடைக்கொப்பியை மூடினேன். கடனுக்கு வாங்கும்போது தேவையில்லாததும் சேர்ந்து வந்துவிடுகிறது என்பதைக் கண்டதால், பழைய பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிட்டு, இப்போது கைக்காசுக்கு மட்டுமே வாங்குகிறேன். மின்சாரத்தை மாதம் 60 அலகுக்குள் நிறுத்துகிறோம். அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். விடியற்காலையில் இடியப்பம் அவித்துப் பக்கத்துக் கடைக்குக் கொடுக்கிறேன். மீன் மலிந்த மாதங்களில் கருவாடு போட்டு வைப்பதால் மாரியில் கறிச்செலவு பெரிதும் குறைகிறது. சமுர்த்தி வங்கியில் சேர்ந்திருந்த சேமிப்பைத் தொடவேயில்லை. அவசர மருத்துவத்துக்கு வேறு வழியில்லை என்பதால் அதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பிள்ளைகளின் மாலை வகுப்பையும் நிறுத்தவில்லை. இவர் ஒருமுறை அதைப் பற்றிப் பேசினார், நான் சம்மதிக்கவில்லை.

உன் அண்ணியிடம் ஒன்றைக் கட்டாயம் சொல். 70 வயது கடந்த முதியோருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், சிறுநீரக நோயாளருக்கும் தரும் கொடுப்பனவுகள் குடும்பக் கொடுப்பனவிலிருந்து வேறானவை. குடும்பத்தின் பெயர் பட்டியலில் இல்லை என்பதால் அவருடைய தாயாருக்கும் எதுவும் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிரதேச செயலகத்தில் தனியாகக் கேட்க வேண்டும். மேன்முறையீடு செய்வதானால் படிவத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல். கடல்தொழில் செய்யும் வீடாகையால், தொழில் இல்லாத மாதங்கள் எவை என்பதையும் தெளிவாக எழுதச் சொல். கேட்டால் அவமானம் என்று அவர் நினைக்கக்கூடும். நீ பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுத்தால் அந்தத் தயக்கம் போய்விடும்.

மகள் பயிற்சிக்குப் புறப்படும் நாளை எழுது. எங்களால் இயன்றதை அனுப்ப விரும்புகிறேன், மறுக்காதே.

அன்புடன்,
உன் தோழி