வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை உடல்நலப் பக்கத்தில் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். "முதல் சில நாள் வலி இயல்பானது, பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என் மாமியாருக்கு அடுத்த மாதம் முதுகில் அறுவை. பேப்பரை மடித்துக்கொண்டு வந்து, "பார், தாங்கித்தான் ஆகணும்னு போட்டிருக்கு" என்று காட்டுகிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

எனக்கே முதுகுத்தண்டின் இடுப்புப் பகுதியில் இரண்டு முறை அறுவை நடந்திருக்கிறது. முதல் தடவை கண் விழித்ததும் வலி, அதற்கு மார்ஃபின், மார்ஃபினால் குமட்டல். முதுகில் தையலை வைத்துக்கொண்டு வாந்தி எடுப்பது எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாம் நாள்தான் காலைத் தரையில் ஊன்றினேன். இரண்டாவது தடவை வேறு மருத்துவமனை. நான் முழு மயக்கத்தில் இருக்கும்போதே மயக்க மருத்துவர் ஸ்கேனில் பார்த்தபடி முதுகுத்தண்டின் இரு பக்கமும் தசைக்கு அடியில் மரக்கவைக்கும் மருந்தைச் செலுத்தியிருக்கிறார். எரெக்டர் ஸ்பைனே பிளேன் பிளாக் என்று பெயர், 2016ல்தான் மருத்துவ ஏட்டில் முதன்முதலாக எழுதினார்களாம். முதுகுத் தசைக்குப் போகும் நரம்புக் கிளைகள் பல மணி நேரம் மரத்துக் கிடந்தன, ஆனால் கால் இரண்டும் வழக்கம்போல அசைந்தன. அன்று மாலையே எழுந்து உட்கார்ந்தேன், மறுநாள் காலை தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு கழிவறைவரை நடந்தேன். அன்றிரவு வலி வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். பனடோலும் இன்னொரு மாத்திரையும் போதுமாக இருந்தது, வாந்தி இல்லை.

எல்லாருக்கும் இது ஒத்துவராது என்பதும் தெரியும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஆனால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாவிட்டால் எப்படிக் கேட்பது?

இதே மாமியாருக்கு இரண்டு வருடத்துக்கு முன் முழங்கால் அறுவையின்போது, இதே மாதிரி மரக்கவைக்கும் ஊசியை 'நெர்வ் பிளாக்' என்றதை யாரோ 'நரம்பு அடைப்பு' என்று தமிழில் சொல்லிவிட்டார்கள். கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து வேண்டாம் என்றுவிட்டார். படிவம் முழுக்க ஆங்கிலம், என் கணவர் வேலையிடத்திலிருந்து போனில் விளக்கிக்கொண்டிருந்தார். தமிழும் சேர்த்து நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள சிங்கப்பூரில் ஒரு வயதான அம்மாவுக்கு ஊசியைப் பற்றித் தமிழில் சரியாகச் சொல்ல ஆளில்லை. அப்போதே உங்களுக்கு எழுதினேன், கடிதம் வரவில்லை. சரி, இடம் இருந்திருக்காது. ஆனால் பல வருடங்களாக உங்கள் உடல்நலப் பக்கம் ஆங்கிலக் கட்டுரைகளை அகராதி வைத்து மாற்றிப் போடுவதாகவே இருக்கிறது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை.

தமிழ் பேசும் ஒரு மயக்க மருத்துவரிடம் கேட்டு, இந்த ஊசியைப் பற்றி அரைப் பக்கம் போடுங்கள். 'அடைப்பு' என்ற சொல் வேண்டாம், 'மரக்கவைக்கும் ஊசி' என்றே எழுதுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் மாமியார் தாமே படித்துக்கொள்வார். அடுத்த மாதத்துக்குள் வந்தால் நல்லது.

ஒரு வாசகி,
ஈசூன்