திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார், கோமதி

அன்பு மகள் கோமதிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். ஐப்பசி மழை நேரத்தோடு பிடித்துக்கொண்டது. கன்னடியன் கால்வாயில் கரை தொட்டுத் தண்ணீர் போகிறது. நேற்று வரை அம்மாவின் அப்பளம் ஒன்றுகூடக் காயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேரன் ஏதோ பாட ஆரம்பித்தானே, முதல் வரியிலேயே படம் நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி பிள்ளை அப்படியே இருந்தான். அம்மா போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், அந்தக்கால ரேடியோவைத் தட்டுகிற மாதிரி. அப்புறம் நீ வந்து, "இந்த நெட் கம்பெனியே சரியில்லைப்பா, அடுத்த மாசம் வேறே கம்பெனிக்கு மாறப்போறேன்" என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் பாதியில் நானும் உறைந்துபோவேன். தவிர இதை நீ கையில் திருப்புளியோடு போன் சாக்கெட் முன்னால் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

அங்கே பிரிட்டனில் கம்பெனியை மாற்றினால் பில்லில் பெயர் மாறும். தெருவிலிருந்து வீட்டுக்குள் வருகிற செம்புக் கம்பி பெரும்பாலும் அதேதான் இருக்கும். 32 வருஷம் டெலிபோன் போஸ்ட் ஏறி இறங்கியவன் சொல்கிறேன், "நெட் ஸ்லோ" என்று புகார் வந்து நான் போய்ப் பார்த்த வீடுகளில் பலவற்றில் கோளாறு சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. வீட்டுக்காரர்கள் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் வைஃபையை ஒதுக்கி வை. லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் சொருகி வேகம் பார். கேபிளில் நன்றாக வந்து மற்ற அறைகளில் மட்டும் குறைந்தால் அது லைன் குற்றம் இல்லை, சுவர் குற்றம். நம்ம வீட்டுத் தாழ்வாரச் சுவர் ஒன்றரை அடி கனம். முன் அறை ரவுட்டர் அடுக்களைக்கு எட்டவே எட்டாது. கடைசியில் முற்றத்தை ஒட்டிய விளக்கு மாடத்தில் தூக்கி வைத்தேன், அம்மாவுக்கு நாடகம் தடங்கலில்லாமல் ஓடுகிறது. இதெல்லாம் உனக்கே தெரியும், விடு.

கேபிளிலும் நீ சொன்ன அந்த 9 எம்பிதான் வந்தால், அப்போது லைனைப் பார்க்க வேண்டும்.

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாடி அறையில் ரவுட்டரைச் சொருகியிருக்கிறாயே, அது மெயின் சாக்கெட் இல்லை. வாசல் பக்கம் கோட் மாட்டுகிற இடத்துக்குக் கீழே நடுவில் குறுக்குக் கோடு போட்ட வெள்ளைச் சதுரம் ஒன்று இருக்கிறது. அதுதான் மாஸ்டர் சாக்கெட். உனக்கு முன்னால் குடியிருந்த யாரோ அதிலிருந்து படிக்கட்டு ஓரமாக ஒயர் இழுத்து, மாடிக்கு ஒன்றும் படுக்கை அறைக்கு ஒன்றுமாகச் சாக்கெட் வைத்திருக்கிறார்கள். படுக்கை அறைச் சாக்கெட்டில் ஒன்றும் சொருகவில்லை. எனக்குச் சந்தேகமே அதன்மேல்தான்.

ஏன் என்று சொல்கிறேன். பேச்சுக் குரல் 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதே இரண்டு கம்பியில், அதற்கு மேலே எங்கோ உயரத்தில் நெட் ஓடுகிறது. போன் கம்பியில் நெட் அனுப்புகிற பழைய முறையான ஏடிஎஸ்எல் 2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். உனக்கு வருவது அதற்குப் பிந்தைய விடிஎஸ்எல், அது 17 வரைக்கும் ஏறும். தெருப் பெட்டி வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குச் செம்பு. விளம்பரத்தில் மட்டும் முழுக்க ஃபைபர் மாதிரி இருக்கும். குரல் எந்த மோசமான ஒயரிலும் எப்படியோ ஊர்ந்து வந்துவிடும், நெட் அப்படி வராது. நம்ம கால்வாயில் ஒரு கிளை வெட்டி அதன் கடைசியை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் அங்கே போய் முட்டித் திரும்பி வந்து நேர் ஓட்டத்தைக் கலக்கும். படுக்கை அறைச் சாக்கெட் அப்படி அடைத்த கிளை.

இனி வேலை. மாஸ்டர் சாக்கெட்டின் கீழ்ப்பாதியில் இரண்டு திருகு இருக்கும். (திருகு இல்லாமல் இரண்டு பக்கமும் அமுக்கினால் கழலுகிற புது மாதிரியும் உண்டு.) கழற்றினால் கீழ்ப்பாதி தனியாகக் கையில் வரும், உள்ளே இன்னொரு துளை தெரியும். அதுதான் டெஸ்ட் சாக்கெட். கீழ்ப்பாதி கழன்றவுடனே வீட்டு ஒயர் முழுவதும் லைனிலிருந்து விலகிவிடும். ரவுட்டரைக் கீழே கொண்டுவந்து, குரலையும் நெட்டையும் பிரிக்கிற மைக்ரோஃபில்டரோடு அந்தத் துளையில் மாட்டிப் பார். வேறு ஃபில்டர் கைவசம் இருந்தால் அதையும் மாற்றிப் பார், அந்தச் சின்ன டப்பா சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். சுவரோடு இருக்கிற பாகத்தை மட்டும் தொடாதே. தெருக் கம்பி அங்கேதான் கட்டியிருக்கிறது, அது அவர்கள் சொத்து.

அங்கே வேகம் எகிறினால் திருடன் வீட்டுக்குள் இருக்கிறான். கழற்றிய கீழ்ப்பாதியின் முதுகைத் திருப்பு. எண் போட்ட முனைகள் இருக்கும். 2, 5 இரண்டும்தான் லைன். 3-இல் ஒரு ஒயர் இருந்தால் அது மணிக் கம்பி. அந்த நாட்டில் போன் மணியடிக்கத் தனியாக ஒரு கம்பி விட்டிருக்கிறார்கள், நம்ம பக்கம் அந்த வழக்கமே கிடையாது. இங்கே எல்லாம் ஒரே ஜோடிதான், சும்மா இருக்கும்போது 48 வோல்ட் டிசி, மணியடிக்க 75 வோல்ட் ஏசி. வீடுகளுக்கு லைன் பிரிகிற டிபி பெட்டியில் கை வைத்திருக்கும் நேரம் பார்த்து யாராவது அந்த நம்பருக்குப் போட்டால் முழங்கை வரை உதறும். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாய்.

ஜோடியாக முறுக்கிய கம்பியில் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறும், அதனால் அடிபட்டுப்போகும். மூன்றாவது ஒயருக்குத் துணை கிடையாது. ஏரியல் மாதிரி நின்று வீட்டு இரைச்சலையெல்லாம் பிடித்து லைனில் கொட்டும். இப்போதைய போன்களுக்கு அது வேண்டவே வேண்டாம், உருவி விடு. என்னைக் கேட்டால் ரவுட்டரை மாஸ்டர் சாக்கெட் பக்கத்திலேயே வைத்துவிட்டு, அந்தப் பழைய ஒயரை அப்படியே கைவிட்டுவிடு. மாடிக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்துக்கொள்ளலாம், மாப்பிள்ளை செய்துவிடுவார்.

நம்ம வீட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. ஃபைபர் வருவதற்கு முந்தின வருஷம், சாயங்காலம் ஆறரை ஆனால் நெட் போய்விடும், ஒன்பது மணிக்குத் தானாக வரும். மழைக்காலம், ஜாயிண்டில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். திண்ணைச் சுவரில் போன் கம்பியைக் கட்டியிருந்த சின்னப் பெட்டியை, ரொசெட்டை, திறந்தால் உள்ளே பல்லி முட்டை இரண்டு, ஓரத்தில் எறும்பு கொண்டுவந்து குவித்த மண். திருகு மயில்கழுத்துப் பச்சையாகப் பூத்திருந்தது, திருப்புளி வைத்தால் பொடியாக உதிர்ந்தது. கம்பி நுனியை அரை அங்குலம் வெட்டி, பிளேடால் சுரண்டினேன். செம்பு புதுக் காசு போல மின்னியது. புதுத் திருகு போட்டு இறுக்கினேன். டயல் டோன் கணீரென்று வந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஆறரை மணிக்கு நெட் மறுபடி போய்விட்டது.

அப்புறம்தான் பழைய டிரான்ஸிஸ்டர் ஞாபகம் வந்தது. மீடியம் வேவில், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, சத்தத்தைக் கூட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். அடுக்களையில் ஒன்றுமில்லை. பூஜை அறை வாசலில் பொரபொரவென்றது, முருகன் படத்துக்குப் பக்கத்தில் போனால் காதைக் கிழித்தது. படத்தைச் சுற்றி அம்மா மாட்டியிருந்த சீரியல் பல்பு! நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக் கடையில் வாங்கியது, அடாப்டர் தீப்பெட்டி கனம்கூட இருக்காது. விளக்கு வைக்கிற நேரத்தில் போடுவாள், படுக்கப்போகும்போது அணைப்பாள். சொன்னதும், "சாமி விளக்கையா குறை சொல்லுதிய?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். பல்பை அணைத்ததும் நெட் வந்தது. இன்றுவரை அவள் முழுதாக நம்பவில்லை.

உன் வீட்டிலும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அறுந்தால் இதைச் செய்து பார். அங்கே ரேடியோ முள்ளை 612 கிலோஹெர்ட்ஸில் வைத்துத் தேடுவது வழக்கம். பழைய லேண்ட்லைன் இன்னும் உயிரோடு இருந்தால் லைனைச் சோதிக்கிற எண்ணான 17070 அடித்து 2-ஐ அமுக்கு. ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. கரகரவென்றால் நெட்டைப் பற்றிப் பேசாதே, "குரலில் இரைச்சல்" என்று புகார் கொடு, அதற்கு மரியாதை அதிகம்.

இன்னொன்று, ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுகிற பழக்கத்தை விடு. அடிக்கடி அறுந்தால் லைன் நிலையில்லாதது என்று அவர்களுடைய மெஷினே முடிவு கட்டி வேகத்தைக் குறைத்துவிடும். நீ எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் உடனே நம்பாது, சில நாள் பார்த்துத்தான் கூட்டும். அதனால் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லாதே. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் நாய்ஸ் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க மிச்சமிருக்கிற அளவு), அட்டன்யுவேஷன் (வழியில் சிக்னல் தேய்கிற அளவு) என்று இரண்டு எண் இருக்கும். மாடிச் சாக்கெட்டில் ஒரு தடவை, டெஸ்ட் சாக்கெட்டில் ஒரு தடவை எழுதி எனக்கு அனுப்பு. மார்ஜின் 6 டெசிபலுக்குப் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை, ரொம்பக் கீழே போனால் லைன் தள்ளாடும். டெஸ்ட் சாக்கெட்டிலும் மோசம் என்றால் அந்தக் கணக்கோடு கம்பெனியில் புகார் செய். வருகிற மெக்கானிக்குக்கு ஒரு டீ போட்டுக் கொடு. எங்களுக்கு மோர் கொடுத்த வீட்டு டிபியை நாங்கள் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் இறங்குவோம்.

2027 ஜனவரியோடு அங்கே பழைய டெலிபோன் சேவையையே நிறுத்தப்போகிறார்கள் என்று படித்தேன். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஆனால் நெட் வருகிற செம்பு உடனே அதோடு போய்விடாது, அதனால் இதைத் தள்ளிப்போடாதே.

வெயில் வந்ததும் அப்பளமும் கூழ்வற்றலும் அனுப்புவாள் அம்மா. கழற்றுகிற திருகு இரண்டையும் ஒரு கிண்ணத்தில் போட்டு உயரத்தில் வை. பேரன் வாயில் போட்டுவிடுவான்.

அன்புடன்,
அப்பா
கல்லிடைக்குறிச்சி