மிலானில் எடுத்த வாடகைக் காருக்கு கொழும்பிலிருந்து அசெஸர் (சேத மதிப்பீட்டாளர்) வருவாரா?

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
2025 செப்டெம்பர் 8

முகாமையாளர்,
இழப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

ஐயா / அம்மணி,

வெளிநாட்டு வாடகைக் கார் எக்ஸஸ் காப்புறுதி: நிராகரிக்கப்பட்ட 623 யூரோ கிளைம் பற்றிய முறைப்பாடு

ஓகஸ்ட் 26 ஆம் திகதியிட்ட உங்கள் நிராகரிப்புக் கடிதம் கிடைத்தது. அதில் நான்கு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். நான்கும் காலி வீதியில் ஓடும் சொந்தக் காருக்கு எழுதிய காரணங்கள். மிலான் மல்பென்சா விமான நிலையத்தில் ஜூன் 6 ஆம் திகதி எடுத்து 14 ஆம் திகதி திருப்பிக் கொடுத்த வாடகைக் காருக்கு அவற்றில் ஒன்றும் பொருந்தாது.

உங்கள் கிளைம் படிவத்தின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாலே இது விளங்கும். வாகனப் பதிவுப் புத்தகத்தின் பிரதி, நடப்பு ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. கார் இத்தாலியில் பதிவானது, இன்னொரு கம்பனிக்குச் சொந்தமானது. மூன்று கட்டங்களிலும் ‘பொருந்தாது’ என்று எழுதி ஜூலை 22 இல் அனுப்பினேன். படிவம் பூர்த்தியாகவில்லை என்று ஜூலை 31 இல் திருப்பி அனுப்பினீர்கள். இத்தாலிக் காருக்குப் புகைச் சான்றிதழ் எங்கே எடுப்பது என்று உங்கள் ஹொட்லைனில் கேட்டேன். “அது இல்லாமல் சிஸ்டம் எடுக்காது” என்பதுதான் பதில்.

நீங்கள் விற்கும் பொருள் என்ன என்பதை உங்களுக்கே எழுத வேண்டியிருப்பது சங்கடம்தான். ஆனாலும் உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு அது தேவை என்று படுகிறது. வாடகைக் காரோடு கொலிஷன் டாமேஜ் வேவர் ஒன்று வரும். அது காப்புறுதி அல்ல. காருக்கு வந்த சேதத்தை வாடகைக்கு எடுத்தவரிடம் முழுதாக அறவிட மாட்டோம் என்று கார்க் கம்பனி கொடுக்கும் விட்டுக்கொடுப்பு. அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது எக்ஸஸ்: ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் தொகை வரைக்கும், இந்தக் காருக்கு 1,400 யூரோ, எடுத்தவர் தலையில்தான் விழும். இரண்டாவது விலக்குகள்: டயர், ரிம், கண்ணாடி, கூரை, காரின் அடிப்பகுதி, தொலைந்த சாவி, டீசல் காருக்குப் பெற்றோல் அடித்த பிழை. இவற்றுக்கு வேவரே கிடையாது, முழுச் செலவையும் அறவிடுவார்கள். இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கத்தான் தனியான எக்ஸஸ் காப்புறுதி இருக்கிறது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி அங்கே சட்டப்படி காரோடு வருவதால் அதற்கும் உங்கள் பொலிசிக்கும் தொடர்பில்லை. ஷெங்கன் விசாவுக்காக எல்லோரும் எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதியும் வேறு விஷயம். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பந்தி அதையும் இதையும் குழப்பியிருக்கிறது.

இதே பாதுகாப்பைக் கார்க் கம்பனியின் கவுண்டரில் நாளொன்றுக்கு 29 யூரோவுக்கு, எட்டு நாளுக்கு 232 யூரோவுக்கு விற்கிறார்கள். உங்களிடம் 11,500 ரூபா. இந்த வித்தியாசம் சும்மா வருவதில்லை. கவுண்டரில் வாங்கினால் கார்க் கம்பனி எடுத்தவரிடம் பணமே கேட்காது. உங்களிடம் வாங்கினால் முதலில் எடுத்தவரின் கடனட்டையில் வெட்டுவார்கள், அதன்பிறகு நீங்கள் திருப்பித் தர வேண்டும். அந்தத் திருப்பித் தருதல் நடக்காவிட்டால் 11,500 ரூபாவுக்கு நீங்கள் விற்றது ஒரு பீடீஎஃப் கோப்பு மட்டுமே.

இனிச் சேதத்துக்கு வருகிறேன். ஜூன் 11, முன் வலப்பக்கச் சில்லு. இணைத்திருக்கும் ஏழாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரிம்மின் விளிம்பில் கடிகாரத்தின் இரண்டிலிருந்து ஐந்து வரை கருங்கல் உரசிய வெள்ளைக் கோடு. அதற்கு இரண்டு விரல் வெளியே டயரின் பக்கச்சுவரில் நாலு சென்ரிமீற்றர் வெட்டு, உள்ளே நூல் தெரிகிறது. கார் எடுத்தபோது கொடுத்த தாளில் உள்ள காரின் படத்தில் இடப்பக்கப் பின்கதவில் மட்டும் ஒரு புள்ளடி. வலப்பக்கச் சில்லு வெறுமையாக இருக்கிறது, ஆகவே சேதம் வாடகைக் காலத்தில் வந்தது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. நடைபாதையின் ஓரக் கல்லில் உரசியது. இலங்கையில் வலப்பக்கம் இருந்து ஓட்டிப் பழகியவர் அங்கே இடப்பக்க இருக்கைக்கு மாறும்போது காரின் வலப்பக்கம் எவ்வளவு நீள்கிறது என்ற கணக்குத்தான் முதலில் தப்பும். இங்கிருந்து போகிறவர்களின் கார் அடிபடுவதென்றால் முதலில் அடிபடும் இடம் அந்தச் சில்லுதான். அதற்குப் பணம் தராத பொலிசியைக் கொழும்பில் விற்பதற்கு அர்த்தமில்லை.

பக்கச்சுவர் வெட்டுக்கு ஒட்டுப் போட முடியாது, டயரை மாற்றியே ஆக வேண்டும். அந்தக் காரில் ஸ்பெயார் வீலும் இல்லை. புதிய கார்கள் பலவற்றில் இருப்பது போல ஒரு சிறு காற்றுப் பம்பும் ஓட்டை அடைக்கும் திரவமும்தான். திரவம் ஆணி குத்திய துளைக்கு உதவும், வெட்டுக்கு உதவாது. ஆகவே ஒப்பந்தத் தாளில் இருந்த உதவி இலக்கத்தை அழைத்து இழுவை வண்டியை வரவழைக்க வேண்டியதாயிற்று. பற்றுச்சீட்டின்படி டயர் 138 யூரோ, ரிம் திருத்தம் 190, இழுவை 145, கார் கராஜில் நின்ற இரண்டு நாளுக்குப் பாவனை இழப்பு 90, நிர்வாகக் கட்டணம் 60. மொத்தம் 623.

உங்கள் முதலாவது காரணம், பொலிஸ் முறைப்பாடு இல்லை என்பது. தனி வாகனம் ஓரக் கல்லில் உரசியதற்கு இத்தாலியப் பொலிஸ் வந்து குறிப்பெழுதுவதில்லை. காரைக் களவெடுத்தால், ஆளுக்குக் காயம் ஏற்பட்டால், மற்ற வாகனம் அடித்துவிட்டு ஓடிவிட்டால் பொலிஸ் தாள் தேவை. இன்னொரு வாகனத்தோடு மோதினால் இரண்டு சாரதிகளும் சேர்ந்து நிரப்பிக் கையொப்பமிடும் நீலப் படிவம் ஒன்று அங்கே உண்டு, அது காரின் டேஷ்போர்ட் பெட்டியிலேயே கிடக்கும். இங்கே இரண்டாவது வாகனமே இல்லை. டுபாய் வேறு: பொலிஸ் தாள் இல்லாமல் அங்கே கராஜ் ஒரு கீறலைக்கூடத் தொடாது. நாட்டுக்கு நாடு இப்படி மாறும் என்பதால்தான் உங்கள் பொலிசியின் பிரிவு 7.3 ‘உள்ளூர்ச் சட்டம் கோரும் இடத்து’ பொலிஸ் அறிக்கை வேண்டும் என்கிறது. கடிதம் எழுதியவர் அந்த நான்கு சொற்களைத் தாண்டிவிட்டார்.

இரண்டாவது, திருத்துவதற்கு முன் உங்கள் அசெஸரின் அனுமதியும் கராஜ் மதிப்பீடும் பெறவில்லை என்பது. நம் ஊரில் பம்பர் அடிபட்டால் ஹொட்லைனுக்கு எடுப்போம், அரை மணித்தியாலத்தில் அசெஸர் மோட்டார் சைக்கிளில் வந்து படம் எடுப்பார், அவர் சொன்ன பிறகே கராஜுக்குப் போவோம். நல்ல ஏற்பாடு. ஆனால் வாடகைக் காரை எங்கே, எப்போது, என்ன விலைக்குத் திருத்துவது என்பது அதன் சொந்தக்காரரின் உரிமை. எடுத்தவர் அதில் வாய் திறக்க முடியாது. அனுமதியில்லாமல் வெளிக் கராஜில் திருத்தினால் ஒப்பந்த மீறலாகி வேவரே போய்விடும். உங்கள் நிபந்தனையை நிறைவேற்றப் போயிருந்தால் 623 யூரோ எங்கே போய் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது காரணந்தான் எனக்கு விளங்கவே இல்லை. டயரும் ரிம்மும் ‘தேய்மானப் பாகங்கள்’ என்கிறீர்கள். சொந்தக் காரின் மோட்டார் காப்புறுதியில் ஓடித் தேய்ந்த டயருக்குப் பணம் தர முடியாதுதான், யாரும் கேட்கவும் மாட்டார்கள். இந்தப் பொலிசியின் பிரிவு 3.2 இலோ டயர், சில்லு, கண்ணாடி, கூரை, அடிப்பகுதி ஐந்தும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. விலக்குப் பட்டியலில் தேய்மானம் என்ற சொல் உண்டு, ஆனால் வெட்டுப்பட்ட டயர் தேய்ந்த டயர் ஆகாது. எட்டாவது படத்தில் டயரின் தவாளிப்பு ஆழம் தெளிவாகத் தெரிகிறது.

நான்காவது, 30 நாள் கடந்துவிட்டது என்பது. ஜூன் 11 இலிருந்து, நான் படிவத்தை இரண்டாம் முறை அனுப்பிய ஓகஸ்ட் 4 வரை எண்ணி 54 நாள் என்கிறீர்கள். பிரிவு 7.1 கேட்பது 30 நாளுக்குள் அறிவித்தல். அறிவித்தல் மின்னஞ்சல் ஜூன் 15 இல் போயிருக்கிறது, உங்கள் தானியங்கிப் பதிலும் அன்றே வந்திருக்கிறது, இரண்டும் இணைப்பில் உண்டு. ஆவணங்களுக்கான கெடு இறுதிப் பற்றுச்சீட்டு கிடைத்த நாளிலிருந்து ஓடும். கார்க் கம்பனி அட்டையில் வெட்டியது ஜூன் 27, பற்றுச்சீட்டு அனுப்பியது ஜூலை 19, கோரிக்கை உங்களிடம் வந்தது ஜூலை 22. கார்க் கம்பனிகள் பணத்தை முதலில் எடுத்துவிட்டுத் தாளைப் பிறகு ஆறுதலாக அனுப்புவது வழமை. புகைச் சான்றிதழுக்காக நீங்கள் திருப்பி அனுப்பிய நாட்களை என் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

நியாயமாக நிராகரிக்கக்கூடிய காரணங்கள் இந்தத் துறையில் இருக்கின்றன: ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, செப்பனிடாத பாதையில் இறக்கியது, காரை எடுத்த பிறகு பொலிசி வாங்கியது. ஒன்றும் இங்கே இல்லை. பொலிசி ஜூன் 2 இல் வாங்கியது. ஒப்பந்தம், பொலிசி, கடனட்டை மூன்றிலும் ஒரே பெயர். ஒட்டோமொபைல் அசோசியேஷனில் எடுத்த, ஓர் ஆண்டு செல்லுபடியாகும் சர்வதேச அனுமதிப்பத்திரத்தின் பிரதியும் முதல் நாளே கொடுத்தாயிற்று.

பாவனை இழப்பும் இழுவையும் பிரிவு 3.4 இல் உண்டு. நிர்வாகக் கட்டணம் 60 யூரோ பற்றிப் பொலிசி வாய் திறக்கவில்லை, விலக்குகளிலும் அது இல்லை. காப்புறுதி ஒப்பந்தத்தில் இரண்டு விதமாக வாசிக்கக்கூடிய இடத்தை அதை எழுதியவருக்கு எதிராகவே வாசிப்பார்கள் என்பது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியும்.

விற்பனைப் பக்கம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவரும் அதில் மாட்டுவார். ‘எங்கள் சான்றிதழைக் கவுண்டரில் காட்டினால் வைப்புத் தொகை தேவையில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இது பிழை. வெளியார் காப்புறுதி எதைக் காட்டினாலும் கார்க் கம்பனிக்கு அது சம்பந்தமில்லாத தாள். எக்ஸஸ் அளவு தொகையை, இங்கே 1,400 யூரோவை, பிரதான சாரதியின் பெயரிலுள்ள கடனட்டையில் பிடித்து வைப்பார்கள். டெபிட் அட்டையைப் பல இடங்களில் ஏற்பதில்லை. அட்டையில் அவ்வளவு இடமில்லை என்றால் ஒன்றில் கார் இல்லை, அல்லது அவர்களுடைய 29 யூரோப் பாதுகாப்பைக் கட்டாயம் வாங்க வேண்டும். உங்கள் வாக்கியத்தை நம்பிச் சிறிய அட்டையோடு போகிறவர், இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் நிற்கும்போது, இரண்டு காப்புறுதிக்கும் காசு கட்டுவார்.

ஆகவே நான் கேட்பது: 623 யூரோவையும், ஜூன் 27 இல் கடனட்டைக் கூற்றில் விழுந்த ரூபாத் தொகையாக, அதாவது 222,180 ரூபாவாக, இக்கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் செலுத்துங்கள். அனுமதிக்கும் நாளின் மத்திய வங்கி வீதத்தில் தருவோம் என்று உங்கள் உத்தியோகத்தர் தொலைபேசியில் சொன்னார். பொலிசியில் அப்படி ஒரு வரி இல்லை. வங்கி தன் வீதத்திலும் வெளிநாட்டு நாணயக் கட்டணத்தோடும் வெட்டியதே உண்மையான இழப்பு. ஏதாவது ஒரு தொகையை மறுப்பதானால் எந்தப் பிரிவு, எந்த வரி என்று எழுத்தில் தாருங்கள். கிளைம் படிவத்திலிருந்து அந்த மூன்று கட்டங்களையும், விற்பனைப் பக்கத்திலிருந்து வைப்புத் தொகை வாக்கியத்தையும் நீக்குங்கள்.

14 நாளில் பதில் இல்லையென்றால் இதே கோவை காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கும், உலக வர்த்தக மையத்திலுள்ள இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் போகும். வாடகை ஒப்பந்தம், கார் எடுத்த தாளும் கொடுத்த தாளும், பதினொரு படங்கள், இழுவைப் பற்றுச்சீட்டு, இறுதிப் பற்றுச்சீட்டு, கடனட்டைக் கூற்று, ஜூன் 15 மின்னஞ்சல் எல்லாம் இத்துடன் மூன்றாவது தடவையாக இணைக்கப்பட்டுள்ளன. புகைச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை.

இப்படிக்கு,
பொலிசிதாரர்